வங்கியிலிருந்து பேசியவள்

கராகோல் நகரின் சின்னத் தொலைக்காட்சி நிலையத்தில் புருல் செய்தியாளராகச் சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. இப்போது கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் கொரியாவில் ஏதோ தொழிற்சாலையில் இருக்கிறாள். புருல் மட்டும் அதே நாற்காலியில். குழாய் உடைந்தாலும் பள்ளிக்கூடக் கூரை ஒழுகினாலும் உருளைக்கிழங்கு விலை ஏறினாலும் அவள்தான் போய் நின்று பேசுவாள். சந்தையில் அவளைப் பார்த்துச் சிரிக்காதவர் கிடையாது. வீட்டுக்கு வந்து ஒரு கோப்பை தேநீர் குடித்தவரும் கிடையாது.

அந்த மார்ச்சில் கிரெடிட் கார்டு மோசடி பற்றி ஒரு தொகுப்பு செய்யும்படி ஆயிற்று. ஊரில் பலர் ஏமாந்திருந்தார்கள். புருல் திட்டம் போட்டுக்கொண்டு போனாள்: முதலில் காவல் அதிகாரி, பிறகு வங்கிக்காரர், கடைசியில் எச்சரிக்கை. செய்தி ஆசிரியர் குபாத் உதட்டைப் பிதுக்கினார்.

“இதை யாரு பார்ப்பா எஜே? பறிகொடுத்தவங்க ஒருத்தர் வந்து பேசணும். முகம் வேணும்.”

எஜே என்றால் அக்கா. தன்னைவிடப் பத்து வயது சின்னவரான குபாத் வேலை வாங்கும்போது மட்டும் அந்த வார்த்தையைச் சொல்வார்.

அவளுக்குத் தெரிந்த காவல் அதிகாரி, புகார் கொடுத்தவர்களிடம் கேட்டுவிட்டுச் சிலருடைய எண்களைத் தந்தார். புருல் உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்தாள்.

“வணக்கம், டிவியிலேர்ந்து பேசறேன். உங்க கார்டு விஷயமா...”

“போன மாசம் பேங்குலேர்ந்து பேசினே, இப்ப டிவியா? நல்லா முன்னேறிட்டேடி” என்று ஒருத்தி வைத்துவிட்டாள். இன்னொருவர் திட்டினார். ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் அழுதாள். “என் வீட்டுக்காரருக்கே இன்னும் சொல்லலை. என் முகத்தையா காட்டப்போறீங்க?” என்று கேட்டுவிட்டு அவளும் வைத்தாள். காலை முழுக்கப் பேசியும் யாரும் புருலை நம்பவில்லை. அவளுடைய குரலே அவளுக்குத் திருட்டுக் குரலாகக் கேட்க ஆரம்பித்தது.

கடைசியாக எடுத்தவர் ஒரு கிழவர். “நேர்ல வாங்க. போன்ல எதுவும் வேணாம்” என்றார்.

சபிர்குல் ஏரிக்கரையில், பழைய படகுத்துறைப் பக்கம் இருந்தார். இசிக்குல் ஏரியில் கப்பல்கள் ஓடிய காலத்தில் இயந்திர அறையில் வேலை பார்த்தவர். மனைவி இறந்து ஒரு வருடமாகிறது. மகன் தலைநகர் பிஷ்கெக்கில். ஓய்வூதியம் வாங்கப் போனவர் கையில் வங்கி ஒரு கடன் அட்டையையும் திணித்து அனுப்பியிருந்தது. அவர் அதை அலமாரியில் துணிக்கடியில் வைத்ததோடு சரி.

“கார்டை வெளியிலயே எடுக்கலை தங்கச்சி. எப்படிப் போச்சுன்னு மகன் கேக்கறான். என்னத்தைச் சொல்ல?”

புருலுக்குத் தேநீர் ஊற்றிவிட்டு, தானாகவே சொன்னார். பெர்மெத் என்று ஒரு பெண் வங்கியிலிருந்து அழைத்தாள். யாரோ உங்கள் அட்டையில் கை வைக்கப் பார்க்கிறார்கள், நான் பாதுகாக்கிறேன் என்றாள். மறுநாளும் அழைத்தாள். பிறகு தினமும் சாயங்காலம். அத்தா, அதாவது அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு இருமல். ஆட்டு வால் கொழுப்பைப் பாலில் உருக்கிக் குடிக்கச் சொன்னார். குடித்தேன், தேவலை என்றாள். ஒரு நாள், வங்கியிலிருந்து போனுக்கு வந்த ரகசிய எண்ணைக் கேட்டாள். சொன்னார். அதற்குப் பிறகு அவள் அழைக்கவில்லை. அட்டையில் எடுக்கக்கூடிய மொத்தக் கடனும் அவர் பேரில் ஏறியிருந்தது. இப்போது மாதாமாதம் ஓய்வூதியத்தில் பிடிக்கிறார்கள்.

“நம்பர் கேட்டப்ப சந்தேகம் வரலையா பைகே?” அவரை அண்ணன் முறையில் கூப்பிட்டுக் கேட்டாள்.

“வந்துது.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “தரமாட்டேன்னு சொன்னா கோவிச்சுக்குவாளோன்னு இருந்துது.”

புருல் குனிந்து தேநீரைக் குடித்தாள்.

அவருடைய போனில் எல்லாப் பேச்சும் தானாகப் பதிவாகியிருந்தது. ஒன்றைப் போட்டுக் காட்டினார். இளம் குரல். அவசரமே இல்லாத குரல். “கப்பல்ல அப்ப குளிருமா அத்தா? அம்மா கரையில வந்து நிப்பாங்களா?” அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெண் ம் கொட்டினாள். கிழவர் போனைக் காதருகே வைத்துக்கொண்டு, தான் சொன்னதையே புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டார். தன்னை யாராவது கடைசியாக இப்படிக் கேள்வி கேட்டது எப்போது என்று புருல் யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

இந்தக் குரல் போதும், முகம் வேண்டாம் என்று அவளுக்கு அங்கேயே தோன்றிவிட்டது. அதை ஒளிபரப்பலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“போட்டா அவளைப் பிடிச்சிடுவாங்களா?”

“தெரியலை. யாராவது அடையாளம் சொல்லலாம்.”

“வேற எவன்கிட்டயாவது பேசிட்டுதானே இருப்பா.” அவர் போனை மேஜையில் வைத்து அவள் பக்கம் தள்ளினார். “போடுங்க. என் பேரு வேணாம். மகனுக்கு அவமானமா இருக்கும்.”

வெள்ளிக்கிழமை மாலைச் செய்தியில் அது வந்தது. கிழவரின் பேச்சை நீக்கி, பெண்ணின் குரலை மட்டும் வைத்திருந்தாள் புருல். ஒளிபரப்பு முடிவதற்குள் நிலையத்துத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. கிழவிகள், விதவைகள், தனியாக இருக்கும் ஒரு மருந்துக்கடைக்காரர். முன்பு திட்டிவிட்டுப் போனை வைத்தவர்களும் இப்போது பேசினார்கள். எனக்கும் அவள்தான். என்னிடமும் அதே இருமல்தான். என்னைக்கூட அம்மா என்றாள், என் தையல் வேலையைப் பற்றிக் கேட்டாள். குபாத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இவர்களை வைத்தே இரண்டாம் பாகம் என்றார். இந்த முறை முகம் காட்ட நான்கு பேர் சம்மதித்தார்கள். அந்த ஆசிரியை தன் கணவரோடு வந்து உட்கார்ந்தாள். இரண்டாம் பாகமும் ஒளிபரப்பாயிற்று. அந்தப் பெண் அகப்படவில்லை. ஆனால் ஊரில் எண்ணைச் சொல்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று காவல் அதிகாரி புருலிடம் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அவள் படகுத்துறைக்குப் போனாள். சபிர்குலின் போனைச் சாட்சியமாகக் காவல் நிலையத்தில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கென்று அந்தக் குரலை ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தாள்.

“வேணாம் தங்கச்சி” என்றார் சபிர்குல். “ரெண்டாவதையும் பார்த்தேன். தையல்காரம்மாவும் இருமலுக்கு மருந்து சொல்லியிருக்காங்க. தேனும் முள்ளங்கிச் சாறும். அதையும் குடிச்சேன், தேவலைன்னிருக்கா.”

அந்த நான்கு பேரையும் வரிசையாக உட்காரவைத்துப் பேசச் சொன்னது புருல்தான். இவர் எங்கோ தனியாக இதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று திட்டம் போடும்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

“என்னை மன்னிச்சிடுங்க பைகே.”

“நீங்க என்ன பண்ணுவீங்க. ஊருக்கு நல்லதுதானே.” எழுந்து போய் ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து வைத்தார். “சாப்பிடுங்க.”

சாப்பிட்டாள். ஏரியில் காற்று எழும்பியதும், கடைசி வண்டி போய்விடும், கிளம்புங்கள் என்று அவரே சொன்னார். வேலிவரை வந்து, கைகளைச் சட்டைப்பையில் விட்டபடி நின்றார்.

வண்டியில் அவளைத் தவிர இரண்டு பேர். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, “டிவி எஜேதானே நீங்க? கார்டு செய்தி நல்லா இருந்துது” என்றார். அவள் தலையாட்டினாள். மகளுக்கு அழைக்கலாம் என்று போனைக் கையில் எடுத்தாள். கொரியாவில் இந்நேரம் அவள் இரவு வேலையில் இருப்பாள். ஊர் வந்து சேரும்வரை போன் மடியிலேயே கிடந்தது.