அவறான்குட்டியின் வாக்கு

உள்ளறையில் 'டப்' 'டப்' என்று குடை விரியும் சத்தம். சக்கர நாற்காலியில் இருந்தபடி, அவறான்குட்டி தான் தைத்த குடைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். மனசு சரியில்லையென்றால் நல்ல குடையையும் விரித்து விரித்துப் பார்ப்பார். முன்னறையில் ஆள் வந்து உட்கார்ந்தும் சத்தம் நிற்கவில்லை.

கமுகின் உச்சியிலிருந்து அடுத்த கமுகுக்குத் தாவி, இறங்காமலே தோப்பு முழுக்கப் பாக்குப் பறித்தவர். ஒரு மழைநாளில் கை வழுக்கி விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. "அன்னிக்கு என்னைப் பார்க்க அண்ணாந்தீங்க, இப்ப குனியிறீங்க. கழுத்துக்கு நல்லதுதான்" என்பார், வாராவாரம் படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்டப்போகும் நர்ஸான என்னிடம்.

அன்று நான் போனபோது வந்திருந்தவர் மருத்துவக் கல்லூரி டாக்டர் லதிகா. தண்டுவடம் அடிபட்டவர்களுக்காக அங்கே ஓர் ஆராய்ச்சி தொடங்குகிறது. நடக்கவைக்கும் கருவியா, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் சிகிச்சையா? ஒன்றுக்குத்தான் வசதி. முடிவுசெய்யும் குழு சரிபாதியாகப் பிரிந்து நிற்க, நோயாளிகளின் சார்பில் அதில் இருக்கும் அவறான்குட்டியின் வாக்கு மட்டும் பாக்கி.

ஒருவழியாக அவர் நாற்காலியில் உருண்டு முன்னறைக்கு வந்தார். உதடு உலர்ந்திருந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? இக்கா நடக்கணும்" என்றாள் மனைவி சுஹறா, சமையலறை வாசலிலிருந்து கணவரைச் சுட்டி. ஒவ்வொரு நோன்பிலும் அவள் அழுது கேட்டது அது ஒன்றைத்தான்.

"நீ போய்ச் சாயா போடு."

"போட்டாச்சு. நீங்க சொல்லுங்க."

அவர் அவளைப் பார்க்காமல் பேசினார். "டாக்டர் மோளே, மூத்தவ நிக்காஹுக்கு நான் போகலை. மாப்பிள்ளை கையைப் பிடிச்சு மகளைக் கொடுக்கவேண்டிய வாப்பா நான். தம்பியை அனுப்பினேன். முதுகு நோவுன்னு இவகிட்டச் சொன்னது பொய். முந்தின நாளே தண்ணி குடிக்கிறதை நிறுத்தியும் பயம் போகலை. சபையில நனைஞ்சுட்டா?"

சுஹறா சாயாத்தட்டைக் கொண்டுவந்து லதிகாவின் முன்னால் வைத்தாள்.

"நடக்காதவனைத் தூக்கிட்டுப் போக நாலு பேர் வருவாங்க. நாறுறவன் பக்கத்துல எவன் உக்காருவான்? சின்னவ நிக்காஹ் இருக்கு. என் வாக்கு மூத்திரத்துக்குத்தான். எழுதிக்குங்க."

"அப்போ நடக்கிறது?" சுஹறா கேட்டாள்.

லதிகா சாயாவைத் தொடாமலே எழுந்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

சுஹறா கதவைச் சாத்தினாள். வந்து தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். அந்தக் காலுக்கு எதுவும் தெரியவில்லை. குனிந்து பார்த்தபின்தான் அறிந்து, அவள் தலைத்துணிமேல் கையை வைத்தார்.