வெள்ளைக்காரனுக்கு எங்கள் ஒழுங்கை கொடுத்த கூலி

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் குடிநீர்க் குழாய் பதிக்க வந்த வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் நான் வேலை செய்தேன். தங்கள் நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் அனுப்பிய ஆட்களுக்கு வேலை அனுமதி எடுப்பது, காலம் முடிய முதல் புதுப்பிப்பது, படத்தில் காது தெரியவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தால் ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மறுபடி படம் எடுப்பிப்பது, எல்லாம் என் தலையில்தான். எனக்குக் கோபம் கொஞ்சம் கெதியாக வரும். அந்த வேலைக்கு அது உதவியாகத்தான் இருந்தது.

அவர்களில் ஒருவன் பம்பு பொருத்த வந்தவன். ஆறடிக்கு மேல் உயரம், எங்கள் வெயிலில் அவித்த இறால் போலச் சிவந்துபோயிருந்தான். தங்கமான பிள்ளை. ஒரேயொரு குறை, ஓடாத மோட்டரைக் கண்டால் அவனுக்குச் சோறு இறங்காது. எங்கள் ஊரிலோ வீட்டுக்கு ஒரு கிணறு, கிணற்றுக்கு ஒரு மோட்டர், அதில் பாதி ஓடாது. கம்பெனி அவனுக்கு வீடு எடுத்துக் கொடுத்ததும் நான் இருந்த ஒழுங்கையிலேயே, வேலிகளுக்கு நடுவில் ஓடுகிற அந்தச் சின்னத் தெருவில். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்விடுவான்.

அனுமதியில் தெளிவாக எழுதியிருந்தது. இந்தக் கம்பெனிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம், வேறு எவரிடமும் ஊதியம் வாங்கக்கூடாது. அந்தத் தாளை மூன்று முறை வாசித்து விளங்கப்படுத்தினேன். மூன்று முறையும் "ஓம், ஓம்" என்றான். அடுத்த ஞாயிறும் ஸ்பானரோடு போனான்.

இரண்டாம் வருடத்துக்கு நீடிக்க விண்ணப்பித்தபோது, இவன் வெளியில் வேலை செய்கிறான் என்று யாரோ பெட்டிசம் எழுதிப் போட்டுவிட்டார்கள். மோட்டர் திருத்துகிற ஆள் யாராவதாகத்தான் இருக்கவேண்டும், அவரையும் பிழை சொல்ல முடியாது. விசாரிக்க ஓர் அதிகாரி நேரில் வருகிறார் என்று கடிதம் வந்தது. வெளியில் கூலி வாங்கினான் என்று தெரிந்தால் அனுமதி கிடையாது, ஒரு கிழமைக்குள் அவன் விமானம் ஏறவேண்டும். கம்பெனியின் கவலை பாதி பொருத்திய பம்புகள். என் கவலை அவன்தான். அவன் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதிகாரி வருவதற்கு முதல்நாள் பின்னேரம் ஒழுங்கை முழுக்க நடந்து சொன்னேன். "நாளைக்கு ஒரு ஒவ்வீசர் வருவார். தம்பி சும்மாதான் செய்து தந்தவர் எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் கதைக்காதேங்கோ." ஒருவரும் அவனுக்குக் காசு கொடுத்ததில்லை, ஆகவே நான் பொய் சொல்லவும் சொல்லவில்லை. எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

மறுநாள் அதிகாரியும் வெள்ளைக்காரனும் நானும் போன முதல் வீடு இளைப்பாறிய தலைமையாசிரியர் ஒருவருடையது. அதிகாரி பணிவாகத்தான் கேட்டார். "இவர் உங்கடை மோட்டரைச் சும்மாவோ திருத்தித் தந்தவர், ஐயா?"

அந்தச் 'சும்மா' மனுசனைச் சுட்டுவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓசியிலை வேலை வாங்கிற ஆக்கள் எண்டோ எங்களை நினைச்சியள்? ஒரு குலை கப்பல் வாழைப்பழம் குடுத்தனான்!"

நான் அதிகாரிக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அதிகாரி வாழைக்குலையைக் குறித்துக்கொண்டார்.

மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தார். "வாழைப்பழமோ? நாங்கள் ஒரு போத்தல் நல்லெண்ணெய் குடுத்தனாங்கள், சேர். எழுதுங்கோ." எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல், தாங்கள் ஒரு கட்டு வெங்காயமும் முருங்கைக்காயும் கொடுத்ததாக. பிறகு ஏலம் தொடங்கியது. ஒடியல் மா வந்தது, பனங்கட்டி வந்தது, எள்ளுருண்டை வந்தது. "எங்கடை மோட்டர் ஓடுது, சேர்," என்றார் மூலைவீட்டுக்காரர். "எண்டாலும் ஒரு பப்பாப்பழம் குடுத்து விட்டனாங்கள்." அதிகாரி கொப்பியில் பக்கம் புரட்டினார். எனக்கு ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. வெள்ளைக்காரன் எல்லாப் படலை வாசலிலும் எல்லோருக்கும் கைகாட்டிக்கொண்டு வந்தான்.

கடைசி வீடு என்னுடையது. அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "மிஸ், நீங்கள்தான் கம்பெனிக்காகக் கையெழுத்து வைக்கிறவ. இவர் உங்கடை வீட்டிலை சும்மா செய்தவர் எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ. மற்றதெல்லாம் ஊர்க்கதை எண்டு நான் விட்டிடுறன்."

இதைவிட ஒரு மனிதர் எப்படி இறங்கி வருவார்? பேனையை வாங்கினேன். வாயைப் பொத்திக்கொண்டு ஒரு வரி எழுதினால் முடிந்தது.

"சும்மாவோ?" என்றது என் வாய். "என்ன கதை கதைக்கிறியள், சேர்? புட்டும் நண்டுக் கறியும் வைச்சுக் குடுத்தனான். குருநகர் நண்டு!"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. என் வாயை நானே தைத்துவிட்டிருக்கலாம். வெள்ளைக்காரன் மட்டும் நண்டு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வயிற்றைத் தடவிக் காட்டினான்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "வேலையும் வாங்கி, சாப்பாடும் போட்டால், அது கூலி இல்லாமல் வேறை என்ன, மிஸ்?"

அப்போதுதான் கிணற்றடி வாழைக்கு வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்ற என் கணவர் மெல்ல வந்தார். அதிகம் கதைக்காத மனுசன்.

"சேர், இது இவவின்ரை சீதன வீடு. பதினெட்டு வருசமா இஞ்சை நான் தண்ணி அள்ளுறன், வேலி அடைக்கிறன், தேங்காய் உரிக்கிறன். மூண்டு நேரமும் சாப்பாடு கிடைக்குது. அதைக் கூலி எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை. என்னட்டைப் பெர்மிட்டும் இல்லை. அப்ப நான் ஆர்?"

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அளவெட்டியிலை, மனிசியின்ரை சீதன வீட்டிலை, நானும் உப்பிடித்தான் இருக்கிறன், அண்ணை." கொப்பியைத் திறந்து, அத்தனை வாழைக்குலைக்கும் எண்ணெய்க்கும் கீழே, 'உபசாரம் மட்டுமே, ஊதியம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். மூன்று கிழமையில் அனுமதி வந்துசேர்ந்தது.

அன்றைக்கு அதிகாரியும் வெள்ளைக்காரனும் படலையைத் தாண்டும்வரை நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு என் கணவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குத் திரும்பினார். வெள்ளைக்காரனுக்கு வைத்த நண்டை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பின்னாலேயே போய் நின்றேன்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு உங்களுக்கு என்ன சமைக்கிறது?"

பதினெட்டு வருடத்தில் நான் அவரிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் நிறைய நேரம் யோசித்தார்.