எக்ஸ்ரே படாத பிலிம்

என் அக்காவின் வீட்டுக்காரரைக் கடைத்தெருவில் ‘உலகம்’ என்றால்தான் தெரியும். அந்தப் பெயரை வைத்தவன் யாரென்று தெரியாது, ஆனால் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறான். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பது அவர் வேலை. வருகிறவரை இருட்டு அறையில் உட்கார வைத்து, மூக்கின் மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு கண்ணை அடைத்துவிடுவார். “எது தெளிவா இருக்கு, இதுவா, அதுவா?” என்று வில்லைகளை மாற்றிக்கொண்டே, எந்த நாட்டில் ராணுவம் யார் பக்கம் சாய்கிறது என்று ஆரம்பிப்பார். பாவம், அந்த மனிதர் எழுந்து ஓடவும் முடியாது. ஓடினால் கதவு இருக்கும் இடம் தெரியாது.

உலக நடப்பு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அத்தானுக்குப் பயணப் பைத்தியமும் உண்டு. கூடத்துச் சுவர் முழுக்க வரைபடம். அலமாரியில் துணிக்கு இடமில்லை, அத்தனையும் ஊர் சுற்றிப் பார்க்க வழிகாட்டும் புத்தகங்கள். எந்த நகரத்தில் எந்த ரயிலில் ஜன்னலோரம் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பது வரை சொல்வார். ஆனால் மனிதர் எங்கள் அப்பா வீட்டைத் தாண்டிப் போனதில்லை. காரணம், அவருடைய ஒரு பைத்தியத்துக்கு இன்னொன்று ஆகாது. ஒவ்வொரு வருடமும் பெட்டி கட்டுவார். ஒவ்வொரு வருடமும் போகிற இடத்தில் நிலைமை சரியிருக்காது. ஒரு தடவை ஏதோ ஒரு தீவில் மீன்வளத்துறை அமைச்சர் ராஜினாமா செய்துவிட்டார். அந்தத் தீவுக்காரர்கள் கவலைப்பட்டார்களோ இல்லையோ, எங்கள் அக்கா கட்டிய பெட்டியைப் பிரித்தாள்.

இரண்டும் போதாதென்று பிலிம் கேமரா. குளிர்பெட்டியில் தக்காளிக்குப் பக்கத்தில் பிலிம் ரோல்கள் வரிசையாக இருக்கும். கெட்டுப்போகக் கூடாதாம். தக்காளி கெட்டால் பரவாயில்லை. எல்லார் கையிலும் போன் இருக்கிற காலத்தில் இது எதற்கு என்று கேட்டால், “போன்ல எடுக்கறது படம் இல்ல மச்சான், வெறும் சாட்சி” என்பார். குடும்பத்தையே வெயிலில் நிறுத்தி, வெளிச்சம் அளக்கிற கருவியை ஒவ்வொருவர் கன்னத்துக்கும் கொண்டுபோவார். அவர் பெண்ணின் சிறுவயதுப் படங்களைப் பார்த்தால் தெரியும். வெளிச்சம் அற்புதமாக இருக்கும். பிள்ளை அழுதுகொண்டிருக்கும்.

அந்தப் பெண்தான் கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். தலைப்பிரசவம். புகுந்த வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. “அம்மா, வலி எடுக்கும்போது நீ பக்கத்துல இருந்தாப் போதும்மா” என்று போனில் அழுதாள். அப்பா மனம் நோகக் கூடாதே என்று அவருக்கும் ஒன்று சொல்லிவைத்தாள்: “அப்பா, பாப்பாவோட முதல் படம் உங்க கேமராவுலதான்.”

அவ்வளவுதான், அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கோ ஒரே கவலை: குழந்தை பிறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். மாப்பிள்ளை விவரமானவர், மாமனாரைக் கேட்காமலே இரண்டு டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டார். அப்படியும் அத்தான் விடவில்லை. வரைபடத்துக்கு முன்னால் நின்று, “நேராப் போறது பார்சலுக்குத்தான் சரி. நாம கொஞ்சம் சுத்திப் போனா, வழியில ஒரு ஊர்ல இந்த மாசம் வெயில் சாய்வா விழும்” என்றார்.

“நீங்க சாய்வா வாங்க. நான் நேராப் போறேன்” என்றாள் அக்கா. தனியாக ரயிலில்கூட ஏறியறியாதவள் அவள்.

விமான நிலையத்தில் இருவரையும் இறக்கிவிட்டது நான்தான். அக்காவின் பையில் குழந்தைத் துணிகள். அத்தானின் பையில் பிலிம், பிலிம், பிலிம். ஆஸ்பத்திரி அறையில் வெளிச்சம் குறைவாக இருக்கும், விளக்கடித்தால் பிறந்த குழந்தைக்குக் கண் கூசும் என்று, மங்கலிலும் படம் விழுகிற உசத்தி பிலிமாகத் தேடி வாங்கியிருந்தார். அதில் அன்பு இருந்தது, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அப்பாடா என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். ஊருக்கு ஆறு மணி நேரப் பாதை. பாதி வழியில் போன்.

“மச்சான், வண்டியத் திருப்பு.”

“எதையாவது மறந்துட்டீங்களா?”

“இல்ல. உங்க அக்கா போயிட்டா.”

திரும்பிப் போய் ஏற்றிக்கொண்டபோது வண்டியில் உட்கார்ந்து சொன்னார். சோதனை வாசலில் அக்கா பையை எக்ஸ்ரே இயந்திரத்தில் போட்டுவிட்டு மறுபக்கம் போய் நின்றிருக்கிறாள். இவர் பையைக் கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். அந்தக் கதிர் பட்டால் உசத்தி பிலிம் புகை படிந்த மாதிரி ஆகிவிடுமாம், கையால்தான் சோதிக்க வேண்டுமாம். காவலர் முடியாது என்றிருக்கிறார். இவர் பிலிமின் வகைகளை முதலிலிருந்து விளக்கியிருக்கிறார். பின்னால் நின்றவர்கள் அவரை என்னென்ன சொன்னார்கள் என்பதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. கடைசியில் மேலதிகாரி வந்து, நல்ல மனிதர், ஒவ்வொரு ரோலாகக் கையிலெடுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“அப்ப எல்லாம் முடிஞ்சுதே அத்தான்?”

“முடிஞ்சுது. அப்புறம் அவர் சும்மா, ‘எந்த நாட்டுக்கு சார்?’னு கேட்டாரு.”

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அத்தானிடம் அதையா கேட்பது! நாட்டின் பெயரைச் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லைக்கும் தலைநகருக்கும் எவ்வளவு தூரம், எந்தத் தளபதிக்கும் எந்த மந்திரிக்கும் ஆகாது, ஆட்சி கவிழ்ந்தால் முதலில் எந்தப் பாலத்தை மூடுவார்கள், எல்லாவற்றையும் அள்ளி விட்டிருக்கிறார். பெரிய பழைய கேமரா, எக்ஸ்ரேக்குக் கொடுக்காத டப்பிகள், வாயில் ராணுவம். தனி அறைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

“ரெண்டு பேர் உக்காந்து கேட்டாங்க மச்சான். குறுக்கப் பேசவே இல்ல. ஒருத்தர் குறிப்பு எடுத்தாரு.” சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வந்து போனது. எனக்கு ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்கா விமானம் ஏறும் வாசலில் நின்று போன்மேல் போன் போட்டிருக்கிறாள். அவரது போனை அவர்கள் வாங்கி வைத்திருந்தார்கள். கதவை மூடப்போகிறோம், ஏறுகிறீர்களா இல்லையா என்று விமானக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். முப்பது வருடமாகப் புருஷனுக்காகப் பெட்டியைப் பிரித்தவள், ஏறிவிட்டாள். ‘இந்த ஆள் வெறும் பேச்சுதான்’ என்று நிரூபணமாகி அத்தான் வெளியே வந்தபோது விமானம் நகர ஆரம்பித்திருந்தது. அடுத்த டிக்கெட் பத்து நாள் கழித்துத்தான் கிடைத்தது.

“பிலிம் தப்பிச்சுது” என்றார், பையைத் தடவிக்கொண்டே. நான் ஹாரனை அழுத்தினேன், வாயைத் திறந்திருந்தால் அசிங்கமாகப் போயிருக்கும்.

மறுநாள் அவர் வீட்டில் இருவரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா போய் இறங்கியதும் நேராக ஆஸ்பத்திரிக்கே போயிருக்கிறாள். வலி எடுத்துவிட்டதாம். மத்தியானம் ஒரு படம் வந்தது. அக்கா தன் வாழ்நாளில் எடுத்த முதல் படமாக இருக்கும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மூலையில் அவள் விரல். பின்னால் ஜன்னல் வெள்ளையாக எரிந்தது. நடுவில் துணிக்குள்ளிருந்து சிவந்த ஒரு முகம், அதன் மேல் குனிந்து வேர்த்துப்போன அக்கா மகள், சிரித்தபடி. அவள் கண்ணைச் சுருக்கவில்லை, அழவில்லை.

“ஜன்னலுக்கு எதிர்ல நின்னு எடுத்திருக்கா” என்றார் அத்தான். “விரல் வேற.” அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார், மறுபடியும் கழற்றினார். முந்தின நாளிலிருந்து அவர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மனிதரைப் பார்க்கச் சகிக்கவில்லை.

போன் அடித்தது. அக்கா. பேத்தி பிறந்த நேரம், எடை, யார் சாயல் என்று அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். வழியில் எப்படிப் போனாள், யாரிடம் வழி கேட்டாள் என்பதையும் அவளாகவே சொன்னாள். அத்தான் ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், “நீ சாப்பிட்டியா?” என்றார்.

அந்தப் பக்கத்தில் பேத்தி சிணுங்குவது கேட்டது.

“இதை உங்க வாயால கேக்கறதுக்கு” என்றாள் அக்கா, “நான் இவ்வளவு தூரம் வரவேண்டியிருக்கு, பாருங்க.”