மஞ்சள் ஒயரில் தொங்கிய டப்பா

1. கம்பெனி செட் கேட்டவர்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கேரேஜில் இருபது வருஷத்துக்கு மேலாக எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். கார் ஆடியோ, ஏ.சி., சென்சார், எல்லாம் பார்ப்பேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு உபயோகப்படும் என்று இதை எழுதுகிறேன்.

கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டுப் பெரிய டச் ஸ்கிரீன் மாட்டச் சொல்லி வருபவர்கள்தான் அதிகம். மாட்டிய ஸ்கிரீனைக் கழற்றி, பழையபடி கம்பெனி செட்டையே போட்டுக் கொடு என்று வருபவர் அபூர்வம். அப்படி ஒருவர் வந்தால் நான் வண்டியைப் பார்ப்பதற்கு முன் ஆளைத்தான் பார்ப்பேன்.

ஹாஜா என்று பெயர் சொன்னார். ராமநாதபுரம் பக்கம் கடற்கரை ஊர். வெள்ளை செடான் வண்டி.

"அண்ணே, ஸ்டியரிங் பட்டன் ஒண்ணும் வேலை செய்யல. ஒரிஜினல் செட்டே போட்டுருங்க. பேட்டரியும் நிக்க மாட்டேங்குது. ரெண்டு நாள் நிப்பாட்டிப் போட்டா ஸ்டார்ட் ஆகல."

"எங்க வேலை பாய்?"

"ருவைஸ்ல. பிளான்ட் ஆபரேட்டர். இப்ப ஆஃப்ல வந்திருக்கேன்."

ருவைஸ் அபுதாபியையும் தாண்டி அந்தக் கோடியில் இருக்கிறது. ஒரு ஸ்டீரியோவுக்காக அங்கிருந்து ஷார்ஜா வரை ஒருவர் ஏன் வர வேண்டும்? அவர் கீழே இறங்கியதும் நான் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் இருந்த வால்யூம் பட்டனை அழுத்தினேன். சத்தம் கூடியது. இன்னொன்றை அழுத்தினேன். பாட்டு மாறியது. பட்டன்கள் எல்லாம் ஒழுங்காகவே வேலை செய்தன.

பின் சீட்டில் தலையணை, போர்வை, அயர்ன் பாக்ஸ், ஹேங்கரில் தொங்கும் சட்டைகள். லீவுக்கு வந்தவர் கொண்டுவரும் சாமான் மாதிரி தெரியவில்லை.

எங்கள் ஃபோர்மேன் குல்சார் பாய் பெஷாவர்காரர். தூரத்திலிருந்தே எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "செல்வம் பாய், பெஹ்லே முல்கியா தேக்கோ" என்றார். முதலில் வண்டியின் ரெஜிஸ்ட்ரேஷன் கார்டைப் பார் என்று அர்த்தம். திருட்டு வண்டியில் கை வைத்தால் போலீஸுக்கு நாங்களும்தான் பதில் சொல்ல வேண்டும். ஹாஜா கொடுத்தார். லைசென்ஸையும் காட்டினார். பெயர், வண்டி நம்பர், எல்லாம் பொருந்தின. குல்சார் பாய் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் காதில் இந்தியில் சொன்னார்: "பெயர் சரி. ஆள் சரியில்லை."

எனக்கும் அப்படித்தான் பட்டது. இருந்தாலும் வேலையை எடுத்தேன்.

2. டேஷ்போர்டுக்குள்

பழைய வண்டிச் சாமான் விற்கும் ஸ்கிராப் மார்க்கெட்டில் அதே மாடல் வண்டியின் கம்பெனி செட் கிடைத்தது. அதைத் திறக்கும் கோட் நம்பரையும் கடைக்காரரே எழுதிக் கொடுத்தார். கோட் இல்லாமல் பழைய செட் வாங்காதீர்கள். பவர் கொடுத்ததும் கோட் கேட்கும், தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும்.

பேட்டரி இறங்கும் கம்ப்ளைன்ட்டை முதலில் பார்த்தேன். வண்டியைப் பூட்டி, மீட்டரை வைத்துக் காத்திருந்தேன். பூட்டிய வண்டியில் கொஞ்ச நேரத்தில் அடங்க வேண்டிய கரண்ட் இழுப்பு குறையவில்லை. ஸ்கிரீன்தான் தின்கிறது என்று நினைத்து, டேஷ்போர்டை மூடியிருக்கும் டிரிம்மைப் பிளாஸ்டிக் பட்டியால் நெம்பி எடுத்து, பின்னால் கையை விட்டு அதன் பிளக்கைப் பிடுங்கினேன். அப்போதும் குறையவில்லை. வேறு ஏதோ உள்ளே இருக்கிறது.

ஸ்கிரீனை முழுதாக வெளியே இழுத்தேன். ஸ்கிரீன் மாட்டியவர்கள் கம்பெனி சாக்கெட்டை வெட்டி எறிந்துவிட்டு ஒயர்களை முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து, கலர் பார்த்து, சால்டர் செய்ய வேண்டும். எப்போதும் கரண்ட் இருக்கும் மஞ்சள் ஒயரைத் தொட்டபோது அதிலிருந்து இன்னொரு மெல்லிய ஒயர் உள்பக்கம் போவது தெரிந்தது. கையை விட்டு இழுத்தேன். கறுப்பு டேப் சுற்றிய தீப்பெட்டி அளவு டப்பா ஒன்று வந்தது. ஓரத்தில் பச்சை லைட் மினுக்கியது. உள்ளே சிம் கார்டு.

டிராக்கர். வண்டி எங்கே நிற்கிறது என்பதை யாருடைய ஃபோனுக்கோ அனுப்புகிற சாமான்.

இந்த ஆளை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று நினைத்தேன். கடன்காரனா, பேங்கா, போலீஸா? குல்சார் பாய் பார்த்ததும் இரண்டடி தள்ளி நின்றார். "கலாஸ். பந்த் கரோ. போதும், வேலையை நிறுத்து. வண்டியை வெளியே அனுப்பு" என்றார்.

நான் ஹாஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

3. ஃபோன்

டப்பாவைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

"தெரியல பாய். வண்டியை யார்கிட்ட வாங்குனீங்க?"

"என் மச்சான்கிட்ட."

மனைவியின் அண்ணன். சாகுல் என்று பெயர். துபாயில் தேரா பக்கம் இருக்கிறார். ஹாஜா உடனே அவருக்கு ஃபோன் போட்டார். ஃபோனைக் கார் சீட்டில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், வண்டிக்குள்ள என்னத்த வச்சுக் கொடுத்தீங்க?"

"என்ன மாப்ள சொல்றே?"

"நடிக்காதீங்க. டிராக்கர் வச்சிருக்கீங்க. உங்க தங்கச்சி சொன்னாளா, இல்ல உங்க புத்தியா? வேலை போனது, ரூமைக் காலி பண்ணது, அஜ்மான் பீச் பார்க்கிங்ல வண்டிக்குள்ளயே கிடக்குறது, எல்லாத்தையும் ஃபோன்ல பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க. பாத்துக்கிட்டே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் 'டூட்டி எப்படி மாப்ள'ன்னு கேட்டீங்களே, நீங்கல்லாம் மனுசனா?"

கட் ஆகிவிட்டதோ என்று நான் ஃபோனை எட்டிப் பார்த்தேன்.

"மாப்ள," என்றார் சாகுல். "உனக்கு வேலை போச்சா?"

மச்சானுக்கு எதுவுமே தெரியாது, தானே எல்லாவற்றையும் உளறிவிட்டோம் என்பது அப்போதுதான் ஹாஜாவுக்கு உறைத்தது.

"எங்க இருக்கே இப்ப? லொகேஷன் அனுப்பு. நான் வர்றேன். எங்கயும் போயிறாத."

4. சாகுல் வந்தார்

ஃபேன் முன்னால் ஹாஜாவுக்கு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். கேட்காமலே சொன்னார். பிளான்ட்டில் ஆள் குறைத்தபோது அவர் பெயரும் போயிருக்கிறது. விசா கேன்சலாகி, நாட்டில் தங்க அனுமதித்த கெடுவும் முடியப் போகிறது. வண்டியை வாங்க ஒருவர் வந்து, கம்பெனி செட் இருந்தால்தான் எடுப்பேன் என்றிருக்கிறார். ஸ்டியரிங் பட்டன் என்றது சும்மா.

"விக்கிறேன்னு சொன்னா ஏன் விக்கிறேன்னு கேப்பாங்கண்ணே. கேட்டா பதில் சொல்லணும்."

சாகுல் வந்து இறங்கினார். நேராக என்னிடம்தான் வந்தார்.

"இது உள்ள இருந்துச்சா, இல்ல நீங்களே வச்சு எடுத்துக் காட்டுறீங்களா? பில்லை ஏத்துறதுக்கு இப்படியும் பண்றாங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். டப்பாவை அவர் கையில் கொடுத்தேன். டேப்பை உரித்ததும் அடியில் பாதி கிழிந்த ஸ்டிக்கர் தெரிந்தது. அதைப் பார்த்து அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட, இது எங்க ஆபீஸ் ஸ்டிக்கர். இந்த வண்டி எங்க ரென்ட்-எ-கார்ல ஓடுன வண்டி மாப்ள. நான் அங்கதானே கணக்கு பாக்குறேன். ஸ்டாஃப் ரேட்ல உனக்கு எடுத்துக் கொடுத்தேன். விக்கும்போது டிராக்கரைக் கழட்டாம விட்டுட்டானுங்க."

ஹாஜா நம்பவில்லை. "அப்ப உங்க ஆபீஸ்ல பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

நான் சிம்மை எடுத்து என்னிடமிருந்த பழைய ஃபோனில் போட்டேன். நோ சர்வீஸ். வண்டி விற்ற கையோடு லைனை நிறுத்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த டப்பா கிடைக்காத சிக்னலைத் தேடித் தேடி பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப யாருமே பாக்கலையா?" என்று ஹாஜா என்னைக் கேட்டார்.

"இல்ல பாய். யாரும் பாக்கல."

அதைக் கேட்ட பிறகுதான் அவர் அழுதார். சாகுல் அவரைத் தேற்றவில்லை. பின் கதவைத் திறந்து தலையணை, போர்வை, அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் தன் வண்டிக்கு மாற்றினார். மாற்றி முடித்துவிட்டு, "தங்கச்சிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு. இப்பவே சொல்லு," என்றார். ஹாஜா ஃபோனை எடுத்துக்கொண்டு கேரேஜின் பின்பக்கம் போனார்.

அவர் பேசி முடிப்பதற்குள் நான் ஒயர்களைச் சால்டர் செய்து, கம்பெனி செட்டை உட்கார வைத்து, கோட் அடித்தேன். ரேடியோ பாடியது. மீட்டரில் இழுப்பும் அடங்கியிருந்தது. டிரிம்மை மூடப் போனபோது சாகுல் என் கையைப் பிடித்தார்.

"மூடிறாதீங்க. இன்னும் ஏதாச்சும் இருக்கான்னு ஒருக்கா பாத்துருங்க."

டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒன்றும் இல்லை.

5. கற்றுக்கொண்டது

வண்டி விற்றுப்போனது. சாகுல் வீட்டில் தங்கி வேலை தேடிய ஹாஜாவுக்கு, கெடு முடிவதற்குள் ஜெபல் அலியில் ஒரு ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் வேலை கிடைத்தது. அவரே ஃபோன் பண்ணிச் சொன்னார்.

இப்போதெல்லாம் டேஷ்போர்டுக்குள் எது கிடைத்தாலும் நான் உடனே கஸ்டமரைக் கூப்பிடுவதில்லை. ஒயர் எங்கே போகிறது, சிம் உயிரோடு இருக்கிறதா, ஸ்டிக்கர் என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்கிறேன். அரைகுறையாகத் தெரிந்ததைக் காட்டினால் மீதியைக் கஸ்டமர் தன் பயத்தால் நிரப்பிக்கொள்வார். கூடவே குடும்பமும் உடையும்.

இதை முழு மனதோடு சொல்ல முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று நான் ஒழுங்காகச் சோதித்து, "ஒண்ணுமில்ல பாய், செத்துப்போன டிராக்கர்" என்று சொல்லியிருந்தால், ஹாஜா நன்றி சொல்லிவிட்டு மறுபடியும் அந்தப் பார்க்கிங்குக்கே போயிருப்பார்.

இருந்தாலும், நீங்கள் சோதித்துவிட்டே சொல்லுங்கள்.