ஆறாம் நம்பர் மலைக்கு வந்த கிரிக்கெட் அணி

தலவாக்கலையில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் ஒரு பழைய கலண்டர் தொங்குகிறது. தேதித் தாள்கள் என்றோ தீர்ந்துவிட்டன. படத்துக்காகக் கடைக்காரர் வைத்திருக்கிறார். வெளிநாட்டு கிரிக்கெட் அணியின் தலைவர் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கொழுந்துக் கூடையோடு நிற்க, மூக்குத்தி போட்ட முதிய பெண்ணொருவர் அவர் நெற்றியில் கை வைத்திருக்கிறார். வலது ஓரத்தை ஷாம்பு பாக்கெட் சரமொன்று மறைக்கிறது. பார்க்கிறவர்கள் ஆசீர்வாதம் என்கிறார்கள். ஆசீர்வாதமும் இல்லை, ஒன்றும் இல்லை. நழுவிய கூடைக்கயிற்றை அந்த அக்கா தடவித் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணிலும் புரை.

அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபிஸில் நான் பெரிய கிளாக்கராக இருந்தேன். வந்த அணிக்கு மொத்தமே பத்து நாள் பயணம்: மூன்று ஆட்டம், நடுவில் ஒரு ஓய்வு நாள். முதல் ஆட்டத்தில் தோற்றிருந்தார்கள். ஓய்வு நாளிலாவது சும்மா இருக்க விடாமல் யாரோ அவர்களைக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். முன்கூட்டி வந்த கடிதத்தில் எத்தனை நாற்காலி, என்ன பிஸ்கட், மூக்குத்தி போட்ட வயதான பெண் ஒருவர் என்பது வரை எழுதியிருந்தது. அவருக்குக் கண் தெரிய வேண்டும் என்று எழுதவில்லை.

ஏற்பாடு முழுவதும் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் கையில். இருபது வருடம் அவரோடு வேலை செய்தும் நல்லதாக ஒன்று நினைவுக்கு வர மறுக்கிறது. ரோட்டோரத்து ஆறாம் நம்பர் மலையில் ஏழு நாளுக்கொருமுறை கொழுந்தெடுக்க வேண்டும். விருந்தாளிகளின் கண்ணுக்குச் செழிப்பாகத் தெரியட்டும் என்று பன்னிரண்டு நாள் எடுக்காமல் விட்டார். கொழுந்து முற்றித் தடித்த இலையானது. பின்னர் அதை ஃபெக்டரியில் ஏற்க மறுத்தபோது, பழியைப் பெண்களின் விரல்கள்மேல் போட்டார்.

அணி வரும் அதே நாளில்தான் அக்காவுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் கண் ஒபரேஷன். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த தேதி. பத்தரைக்குள் போய்ச் சேர வேண்டும். முதல் நாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில், எல்லோர் முன்னிலையிலும், கண்டாக்கையா சொன்னார்: “எட்டு மணிக்குப் போட்டோ. ஒம்பதுக்குத் தோட்டத்து வேன்ல அனுப்புறேன். வரலன்னா நாளையிலருந்து மலைப்பக்கமே வராத.”

எட்டு மணிக்கு மழைத்தூறல் மட்டும் வந்தது. புதுச் சேலைகளில் வரிசையாக நின்ற பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

“பந்தடிச்சுத் தோத்துட்டுக் கொழுந்தெடுக்க வாறாங்களாம்டி.”

“பெரட்டுக்கு லேட்டுல்ல? நம்மளா இருந்தா வீட்டுக்கு வெரட்டியிருப்பாரு.”

அக்கா சிரிக்கவில்லை. என் குரல் கேட்ட பக்கம் திரும்பி, “அய்யா, ஒம்பதாச்சுங்களா?” என்றார். ஒன்பதே கால். “வேன அனுப்பச் சொல்லுங்கய்யா. இந்தத் தேதியும் போச்சுன்னா நான் எங்க போவேன்?”

விதி எனக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரித் தேதி உள்ள ஒருவரை நிறுத்திவைக்க எவருக்கும் அதிகாரமில்லை. வேனுக்கான அனுமதித் துண்டில் தோட்ட மேலாளரான துரையின் கையெழுத்துகூட வேண்டாம், பெரிய கிளாக்கரின் கையெழுத்தே போதும். துண்டு என் சட்டைப்பையில் இருந்தது. பேனாவும் இருந்தது. “ஆபிஸுக்குப் போய்த் தொரக்கிட்ட பேசுறேன், நீ நில்லு,” என்றேன். இருபது அடி நடந்திருப்பேன். “எங்க போறீங்க? ஸ்டாஃபெல்லாம் வரிசைல நில்லுங்க,” என்றார் கண்டாக்கையா. நின்றேன். டையைச் சரிசெய்துகொண்டேன்.

பதினொன்றரைக்கு பஸ் வந்தது. பன்னிரண்டு நிமிடம் இருந்தார்கள். வீரர்களில் பாதிப்பேர் கீழே இறங்கவே இல்லை. அணித்தலைவர் இரண்டிலையும் மொட்டுமாகக் கிள்ளுவதற்குப் பதில் ஒரு கிளையையே முறித்தார். கண்டாக்கையா ஆங்கிலத்தில் மெச்சினார். தலையில் மாட்ட வேண்டிய கூடைக்கயிறு அணித்தலைவரின் கழுத்துக்கு இறங்கியது. அக்கா கை நீட்டினார், கெமராக்கள் மின்னின, பஸ் புறப்பட்டது. “தொர ஒத்துக்கல,” என்று நான் அக்காவிடம் சொன்னேன். துரையை நான் பார்க்கவே இல்லை.

அடுத்த தேதி ஐந்து மாதம் கழித்து. அதற்குள் அக்கா ஒரு ஈரநாளில் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஒபரேஷன் முடிந்து, வேலையிலிருந்து விலகும் படிவத்துக்காக அலுவலகம் வந்தபோது என் சுவரில் அந்தக் கலண்டர் புதிதாகத் தொங்கியது. கிட்டப் போய் நின்று நிதானமாகப் பார்த்தார்.

“இந்தத் தம்பியா அது? கொரல வச்சு வயசாளின்னு நெனச்சேன்.”

பிறகு விரல் மெதுவாக வலது ஓரத்துக்கு நகர்ந்தது. டை கட்டிய ஆள், நன்றாகச் சிரிக்கிறான்.

“இது நீங்கதானுங்களே.”

“ஆமா.”

“ஆபிஸ்ல பேசிக்கிட்டு இருக்கீங்கன்னுல்ல நின்னேன்.”

படிவத்தை நீட்டினேன். நான் இடம் காட்டுவதற்குள் அவரே கோட்டைக் கண்டுபிடித்துக் கையெழுத்திட்டார். போகும்போது என் முகத்தை ஒருமுறை பார்த்தார். கலண்டரைப் பார்த்த அதே நிதானத்தோடு.

நேற்றும் அந்தக் கடைக்குப் போனேன். யாரோ ஷாம்பு கேட்க, கடைக்காரர் சரத்தின் அடியிலிருந்து இரண்டைக் கிழித்துக் கொடுத்தார். படத்தில் என் சப்பாத்துக் கால்கள் வெளியே தெரிகின்றன.