தட்டையாக முறிந்த ஆக்சில்

ஆப்னெர் தன் ஊன்றுகோலால் எலியுத்தின் தாடையை உடைத்தது லூமியின் பஞ்சர் கடை வாசலில்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். எலியுத் தன் வண்டிக்குக் காற்றுப் பிடிக்க வந்தவன், குனிந்து வால்வு மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து வந்த முதல் அடி தோளில் விழுந்தது. திரும்பினான். அடுத்தது தாடையில். காய்ந்த கரும்பை முழங்காலில் வைத்து ஒடிப்பது போன்ற சத்தம். எலியுத் சாய்ந்தான். ஒற்றைக் காலில் நின்று அடித்த ஆப்னெரும் நிலைதவறி அவன் மேலேயே விழுந்தான். விழுந்த பிறகும் விடாமல் அவன் காதைக் கடித்தான்.

லூமி டயர் நெம்பும் கம்பியோடு ஓடிவந்து, அண்ணனைச் சட்டைக் காலரில் பிடித்து இழுத்துத் தள்ளினாள்.

“விடு, நேனா!” தங்கையை அவன் அப்படித்தான், ‘சின்னப்பொண்ணு’ என்று, கூப்பிடுவான். “ என் காலைத் தின்னவன் இவன்!”

“காதைத் துப்புடா முதல்ல. பன்னி மாதிரி மென்னுட்டிருக்கே.”

“இன்னிக்கு அடிச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போய்த் தாடையைத் தச்சுட்டு வரட்டும். வீடு திரும்புற அன்னிக்கு வெட்டறேன். கேட்டுக்கோங்க எல்லாரும். வெட்டறேன்!”

தெருவே கேட்டது. எதிர்வீட்டு மாடியிலிருந்து நானும் கேட்டேன். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் விசாரித்தபோது, ஏணியிலிருந்து விழுந்ததாக எலியுத் எழுதிக் காட்டினான். போர்ட்டோ ரிக்கோவின் தென்கரையில், எங்கள் குவாயாமாவில், யாரும் போலீஸிடம் பெயர் சொல்வதில்லை. அதனால் ஆப்னெரைத் தடுக்க யாரும் வரப்போவதில்லை என்று லூமிக்குத் தெரிந்திருந்தது. ஆப்னெர் சொன்னால் செய்கிறவன் என்பதும் தெரியும். எலியுத்தோ ஆப்னெரின் மகளுக்கு ஞானத்தந்தை. அவளைக் கோயிலில் கையில் ஏந்தி நின்றவன்.

லூமியின் முழுப்பெயர் இலுமினாடா. ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரைத் தவிர வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பத்தொன்பது வயதில் கட்டிய புருஷன் ஒருநாள் அவளை இஸ்திரிப்பெட்டியால் அடித்தான். அதே இஸ்திரிப்பெட்டியை அவள் திருப்பி அவன் முழங்கையில் இறக்கினாள். அவன் நியூயார்க்குக்குப் போனான். அவள் நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடைக்கு வேலைக்குப் போய், பிறகு அந்தக் கடையையே வாங்கினாள். லாரிச் சக்கரத்தின் பூட்டு வளையம் ஒருமுறை தெறித்து அவளுடைய முன்பற்கள் இரண்டைக் கொண்டுபோனது. “முத்தம் குடுக்க இடைஞ்சலா இருந்துச்சு, போனா போகுது” என்பாள். கடையில் கை நீட்டிய ஆண்களுக்கு நெம்புகம்பி எந்தப் பக்கம் கனம் என்று தெரியும். அவளை நல்லவள் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. பயந்தார்கள், அவளிடமே டயர் வாங்கினார்கள்.

ஆப்னெரின் பந்தயக் கார் டயர்களும் அவள் கொடுத்தவைதான். பழைய ஜப்பான் கார், முன்சக்கரங்கள் இழுப்பது. உள்ளே ஓட்டுநர் இருக்கையைத் தவிர வேறொன்றும் இல்லாமல் உரித்திருந்தார்கள். எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் நேர்கோட்டுப் பந்தயம்தான். பாதிக் கூட்டம் ஜெபம் முடிந்து நேராக அங்கே வரும்.

முன்சக்கர வண்டியை நின்ற இடத்திலிருந்து உதைத்துக் கிளப்புவது முரட்டு வேலை. கிளட்சை விட்டதும் வண்டியின் எடை பின்னால் சாய்கிறது. பின்சக்கரம் தள்ளும் வண்டிக்கு அது வரம். இந்த வண்டிக்கோ, பிடிப்பு வேண்டிய அதே நொடியில் முன்சக்கரம் லேசாகிவிடுகிறது. அதனால் முன்னால் மொட்டை டயர் போடுவார்கள்: கோடும் பூவும் இல்லாத, மெத்தென்ற டயர். அதில் காற்றைக் குறைத்து வைத்தால், கிளட்சை விட்டதும் மெல்லிய பக்கச்சுவர் சுருங்கி மடிந்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும், பிறகு நிமிர்ந்து தரையைத் தள்ளும். சாதாரணத் தெரு டயரின் சுவர் விறைப்பானது. அது பிடிக்கும், முறுக்கேறும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். ஒரு நொடிக்குள் பலமுறை. அப்போது முன்பக்கம் மொத்தமும் துள்ளத் தொடங்கும். எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் தண்டு ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு சம்மட்டி அடி வாங்கும்.

துள்ளினால் செய்யவேண்டியது ஒன்றே: காலை எடுப்பது. ஆனால் எங்கள் ஊரில் யாராவது காலை எடுத்தால் கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் “விட்டுட்டான்!” என்று கத்தும். அந்த வார்த்தை திங்கள்கிழமையும் கூடவே வரும். ரொட்டிக் கடையில், பேருந்து நிறுத்தத்தில், பெண்டாட்டி வாயில். அதை எல்லோரையும்விட உரக்கக் கத்துகிறவன் ஆப்னெர்.

விபத்து நடந்த ஞாயிறு, போன்செ நகரத்திலிருந்து வந்த ஒருத்தன் அவனைச் சீண்டினான். “மொட்டை டயரைப் போட்டா என் கழுதைகூட ஜெயிக்கும். தெரு டயர்ல வர்றியா?” ஆப்னெர் அங்கேயே டயரை மாற்றினான். லூமி தன் கடையில் இருந்தாள், தடுக்கப் பக்கத்தில் இல்லை. அவன் தெரு டயரைப் போட்டுக் கல் மாதிரி காற்று அடைத்து, மொட்டை டயரில் கிளப்புகிற அதே வேகத்தில் கிளட்சை விட்டான். வண்டி துள்ளியது. அவன் காலை எடுக்கவில்லை. இடது ஆக்சில் முறிந்தது. வலது சக்கரம் மட்டும் இழுக்க, வண்டி இடதுபுறம் திரும்பிச் சுவரில் மோதியது. இடது முழங்காலுக்குக் கீழே அவனுக்கு மிச்சம் ஏதுமில்லை.

அந்த ஆக்சிலைத் தன் பட்டறையில் வைத்து மாட்டியவன் எலியுத். முறிந்த இடம் தட்டையாக இருந்தது, ரம்பத்தால் அறுத்த வாழைத்தண்டு போல. போதும். எலியுத் பாதி அறுத்துவைத்தான் என்று ஆப்னெர் முடிவு கட்டினான். எலியுத்துக்கும் தனக்கும் அந்த வருடம் பந்தயத்தில் போட்டி என்பதைக் காரணமாகச் சேர்த்துக்கொண்டான். அந்தத் துண்டைத் தலையணைக்கு அருகில் வைத்துத் தூங்கினான்.

எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இயந்திரவியல் படித்தேன். எஃகுத் தண்டு முறுக்கில் முறிந்தால் தட்டையாகத்தான் முறியும் என்று எனக்குத் தெரியும். அதை அவனிடம் போய்ச் சொன்னேன். அவன் துண்டை என் முகத்துக்கு முன்னால் பிடித்து, “புஸ்தகத்துல எலியுத் பேரு போட்டிருக்கா?” என்று கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான். அவனைத் திருத்தப் போனேனா, எனக்குத் தெரியும் என்று காட்டப் போனேனா? வீட்டுக்கு நடந்துவரும்போது அந்தக் கேள்விதான் இருந்தது. அவன் வீட்டுப் படியில் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கத்தியைத் தீட்டும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. கரும்பு வெட்டும் நீளக் கத்தி.

லூமி வந்து அந்தத் தண்ணீர் வாளியை எட்டி உதைத்தாள்.

“ஒரே ஒரு தடவை வந்து பாரு. அப்புறம் யாரை வேணா வெட்டு. என்னையே வெட்டு.”

“என்னத்தப் பாக்கணும்?”

“உன் வண்டி. மூக்கை நிமித்தி வெச்சிருக்கேன். கவாஸ் டவுன்ல ரெண்டு புது ஆக்சில் வாங்கியிருக்கேன், எலியுத் கண்ணுலயே படாதது. நீயே வெச்சுக்கோ. ஆணியால உன் பேரைக் கீறு. நானே மாட்டறேன். பக்கத்துலயே நின்னு பாரு.”

“யார் ஓட்டுவா?”

“நான்தான். உனக்குக் கிளட்சு மிதிக்கக் காலு எங்க இருக்கு?”

அவன் வாளியை எடுத்து அவள் மேல் வீசினான். அது தோளில் பட்டு உருண்டது. அவள் நகரவில்லை. ஆப்னெர் ஆக்சில்களை வாங்கிக்கொண்டான்.

மூடிய சர்க்கரை ஆலைக்குப் பின்னால் நேரான கான்கிரீட் சாலை ஒன்று இருக்கிறது. பந்தயக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு நாங்கள் மூவரும் காலையில் போனோம். எலியுத் அன்று மாலை வீடு திரும்புவதாகச் செய்தி. ஆப்னெர் கத்தியை வண்டிக்குள்ளேயே கொண்டுவந்து, மடியில் வைத்துக்கொண்டு சாலையோரம் ஒரு காலி டப்பா மேல் உட்கார்ந்தான்.

முதலில் மொட்டை டயர். நான் காற்றைக் குறைத்தேன். லூமி எஞ்சினைக் கத்தவிட்டுக் கிளட்சை விட்டாள். டயரின் பக்கச்சுவர் கிழவன் கன்னம் மாதிரி சுருங்கியது, நிமிர்ந்தது, வண்டி போய்விட்டது. தடம் இரண்டும் கறுப்பாக, உடையாமல் கிடந்தன.

“அதே வேகம்தானே?” என்று கேட்டாள் திரும்பி வந்து.

“அதே வேகம்தான்.” அவனுக்கு எஞ்சின் வேகம் சத்தத்திலேயே தெரியும். 

பிறகு தெரு டயர். அவன் அன்று அடித்த அதே அளவு காற்று. நான்தான் அடித்தேன். ஒரு பெண்ணின் எலும்பை வைத்து ஒரு வாக்கியத்தை நிரூபிக்கப் போகிறோம். “வேண்டாம் லூமி, வேற வழி யோசிப்போம்” என்றேன்.

“சாயங்காலத்துக்குள்ள யோசிச்சு முடிச்சுருவியா?” என்று ஹெல்மெட்டை மாட்டினாள். “தள்ளி நில்லு. வலது பக்கம் நில்லு.”

கிளட்சை விட்டாள்.

வண்டி போகவில்லை. எழுந்தது. முன்பக்கம் சாலையை அடித்தது, எழுந்தது, அடித்தது. கயிற்றில் கட்டிய காளை தலையால் சுவரை முட்டுவது போல. என் காலடியில் கான்கிரீட் அதிர்ந்தது. முன் விளக்கு கழன்று தொங்கியது. புகையில்லை, வெறும் அடி. அவள் தலை இருக்கையிலும் கண்ணாடிப் பக்கமுமாக மோதுவது தெரிந்தது. அவள் காலை எடுக்கவில்லை.

“எடு!” என்று யாரோ கத்தினார்கள். “காலை எடு, நேனா! எடுத்துரு!” ஆப்னெர்தான். ஒற்றைக் காலில் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தான்.

துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். வண்டி இடதுபுறம் வெட்டித் திரும்பி, புதருக்குள் பாய்ந்து, பழைய ஆலைக் கம்பத்தில் மோதி நின்றது.

நான் ஓடிப் போய்க் கதவை இழுத்தேன். ஸ்டியரிங் சுழன்று அவள் வலது மணிக்கட்டை முறித்திருந்தது. கை தப்பான இடத்தில் வளைந்திருந்தது. மூக்கிலிருந்து ரத்தம் கழுத்துக்கு ஓடியது. “அழாதே, உனக்கு ஒண்ணும் ஆகலே” என்று என்னிடம் சொன்னாள். அவளைத் தூக்கிப் புல்லில் உட்காரவைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். முதலில் ஆக்சிலைக் கழற்று என்றாள். அவள் சொல்லச் சொல்ல, ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, நான்தான் வெளியே எடுத்தேன். கிரீஸும் சூடுமாக இருந்தது. ஆணியால் கீறிய பெயர் அதன் மேல் இருந்தது.

தட்டையாக முறிந்திருந்தது. ரம்பத்தால் அறுத்ததைப் போல.

ஆப்னெர் கத்தியோடு புதருக்குள் தத்தித் தத்தி வந்தான். வாங்கிப் பார்த்தான். பையிலிருந்த பழைய துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பெருவிரலால் ஒன்றைத் தடவினான், மற்றதைத் தடவினான். பிறகு வாய்விட்டுக் கத்திக்கொண்டு கத்தியைத் தூக்கினான். நான் லூமியின் முன்னால் பாய்ந்தேன். பாய்ந்தேனா, கால் தடுக்கிற்றா, இன்றும் எனக்கு நிச்சயமில்லை. ஆனால் அவன் வெட்டியது டயரை. வெட்டினான், ரப்பருக்குள் மாட்டிய கத்தியை உருவி மறுபடி வெட்டினான். காற்று சீறியது. கம்பி இழைகள் அவன் முழங்கையைக் கிழித்தன. நிலைதவறி விழுந்து, உட்கார்ந்தபடியே வெட்டினான், கத்தி பிடியிலிருந்து கழன்று போகும்வரை.

“நான் எடுத்திருக்கலாம்” என்றான் பிறகு. “காலை எடுத்திருக்கலாம், நேனா.”

“ஆமா” என்றாள் லூமி.  ஆறுதல் சொல்கிறவள் இல்லை அவள்.

அன்று மாலை அவள் கட்டுப்போட்ட கையோடு அண்ணனை எலியுத்தின் பட்டறைக்குக் கூட்டிப்போனாள். எலியுத் தாடையைக் கம்பியால் கட்டி, வாயைத் திறக்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஆப்னெரைப் பார்த்ததும் எழுந்து, சுவரில் சாய்த்திருந்த இரும்புக் குழாயை எடுத்தான். லூமி நடுவில் போகவில்லை. ஆப்னெர் இரண்டு ஆக்சில் துண்டுகளையும் மேசை மேல் வைத்துவிட்டு, ஊன்றுகோலைக் கீழே போட்டான். கை தூக்கவில்லை.

எலியுத் துண்டுகளைப் பார்த்தான். கீறிய பெயரைப் படித்தான். லூமியின் கட்டைப் பார்த்தான். பிறகு குழாயால் ஆப்னெரின் விலாவில் ஓங்கி ஒன்று வைத்தான். ஆப்னெர் சுருண்டு விழுந்து, மேசைக் காலைப் பிடித்து எழுந்து, மறுபடி அங்கேயே நின்றான்.

“இன்னொண்ணு?” என்றான், மூச்சு வாங்க.

எலியுத் கட்டிய பல்லுக்கு இடையே ஏதோ சொன்னான். புரியவில்லை. லூமி காதைக் கொடுத்தாள்.

“என்னங்கறான்?” என்றான் ஆப்னெர்.

“அடிச்சா தாடை வலிக்குதாம்” என்றாள் லூமி. “உக்காரச் சொல்றான். பேசமாட்டானாம். ஆனா உக்காரச் சொல்றான்.”