அனுமதியின்றி அடித்த ஆணி

மூடி திருகும் சத்தம்தான் முதலில் காதுக்கு வருகிறது. கூஜா அதற்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஈயம் பூசிய பித்தளைக் கூஜா. டில்லியில் எங்கள் செக்‌ஷனின் ஜன்னல் விளிம்பில், புழுதி படிந்த கோப்புக் கட்டுகளுக்கு நடுவே, அது ஒன்றுதான் துடைத்த முகத்தோடு இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன் அண்ணாச்சி அதன் மூடியைத் திருகித் திறப்பார். காய்ச்சி ஆறிய தண்ணீரை டம்ளரில் ஊற்றித் தலையைச் சற்றுக் குனிந்து ஜெபித்துவிட்டுக் குடிப்பார். அலுவலகத்துத் தேநீரை அவர் தொட்டதில்லை. பீடி, வெற்றிலை, பக்கத்து மேஜைப் பஞ்சாபிக்காரர் நீட்டும் பான் எதுவும் கிடையாது. "க்யா பாதரீ ஸாப், ஆஜ் பீ மந்திர் பந்த்?" என்று அவர் தினமும் கேட்பார். கோயில் இன்றைக்கும் அடைத்துத்தான் இருக்கிறதா என்று கேலி. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே தண்ணீரை நீட்டுவார்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், பதவியில் எனக்குக் கீழே. அவர் என்னை சார் என்பார், நான் அவரை அண்ணாச்சி என்பேன். எங்கள் செக்‌ஷனின் வேலை, அரசு ஊழியர்களுக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்குவது. யாருக்கு எந்த வீடு, எந்த வரிசையில், காலி செய்யும்போது எத்தனை மின்விசிறி இருக்கவேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அரசாங்கத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் ஒரு விதி இருக்கிறது, எந்த விதிக்கும் ஒரு விலக்கு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்பிய காலம் அது.

இந்தத் தண்ணீர் விஷயத்தை ஒருநாள் நானே கேட்டேன். "இந்தச் சரீரம் நம்மளுது இல்ல சார். கடவுள் வந்து தங்குத இடம். அதுல குப்பையக் கொட்டக் கூடாதில்லா?" என்றார். எனக்குக் குறும்பு. "அப்படியென்றால் நீங்கள் அலாட்டி, வீடு ஒதுக்கப்பட்டவர். காலி செய்யும்போது கணக்கு ஒப்படைக்க வேண்டியவர்" என்றேன். அவர் யோசித்தார். "இல்ல சார். அலாட்டி அவருதான். நான் வெறும் குவார்ட்டர்ஸு" என்றார். நான் விபூதி இட்டுக்கொண்டு வருபவன். ஆத்மா உடம்பைச் சட்டை போல மாற்றிக்கொள்ளும் என்று கேட்டு வளர்ந்தவன். சட்டையை இவ்வளவு மரியாதையாக நடத்தும் ஒருவரை அதற்குமுன் பார்த்ததில்லை.

ஊருக்கெல்லாம் வீடு ஒதுக்கிய அண்ணாச்சிக்கு வீடு இல்லை. கோட்லாவில் சாக்கடையை ஒட்டிய தரைத்தள அறை ஒன்றில் மனைவி, மூன்று பெண்பிள்ளைகளோடு இருந்தார். மழைக்காலத்தில் சுவர் இடுப்பளவுக்கு நனைந்திருக்கும். அந்த அம்மாளுக்கு ஆஸ்துமா. ஒரு குளிர்கால மாலை நான் போயிருந்தபோது கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தார். "உக்காருங்க சார்" என்ற இரண்டு வார்த்தைக்கு நடுவில் மூன்று இழுப்பு. இன்னொரு குளிர்காலத்தை இந்த அறையில் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். வரிசையில் அண்ணாச்சியின் பெயர் நெருங்கிக்கொண்டிருந்தது. லக்ஷ்மிபாய் நகரில் மாடி வீடு ஒன்று காலியாகவிருந்தது.

அப்போதுதான் நெருக்கடி நிலை வந்தது. பின்னாலேயே எங்கள் அலுவலகத்துக்கு ஒரு சர்க்குலர். இரண்டு குழந்தைகளுக்கு மேல் உள்ளவர் குவார்ட்டர்ஸ் பெற வேண்டுமென்றால், கணவன் மனைவி இருவரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்துகொண்ட சான்றிதழ் வேண்டும். அதைக் கோப்பில் சேர்த்து எண் போட்டவர் அண்ணாச்சியேதான். வழக்கமான அழகான கையெழுத்து.

நான் விலக்குத் தேடினேன். மருத்துவக் காரணத்துக்காக வரிசை மீறி ஒதுக்கலாம் என்ற விதியைக் காட்டிக் குறிப்பு எழுதினேன். அதீதத் துன்பம் என்ற பிரிவைக் காட்டி இன்னொன்று. டாக்டரின் கடிதத்தை இணைத்தேன். கோப்பு மேலே போய் இறங்கியது. என் இரண்டு பக்கக் குறிப்புக்குக் கீழே மேலதிகாரி பச்சை மையில் ஒரே சொல் எழுதியிருந்தார்: 'சான்றிதழ்?' அந்தக் கேள்விக்குறியைப் போல முழுமையான பதிலை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

"செய்துகொண்டால் என்ன, அண்ணாச்சி? உங்களுக்கு இனிமேல் பிள்ளை வேண்டுமா?" என்றேன்.

"வேண்டாம் சார். எங்க போதகர்கூட பாவமில்ல, அவளுக்காகச் செஞ்சுக்கோன்னுதான் சொல்லுதாரு. பாவமில்லன்னு எனக்கும் தெரியும். ஆனா வழியில போறவன் மிரட்டினான்னு, வீட்டுக்காரர்ட்ட கேக்காம சுவத்த இடிக்கலாமா? நானாக் குடுத்தா அது வேற. பிடுங்குதவன்ட்ட எப்படிக் குடுக்க?"

எனக்குக் கோபம் வந்தது. மனைவிக்கு மூச்சு இழுக்கிறது, இவர் கடவுளுக்குக் கட்டடப் பராமரிப்பு செய்கிறார் என்று தோன்றியது. அவரைப் பார்த்தால் அந்தக் கோபம் நிலைக்கவும் இல்லை. முகம் ஒட்டி உலர்ந்திருந்தது. மதியச் சாப்பாட்டின்போது குனிந்த தலை வெகுநேரம் நிமிராது. டம்ளரில் ஊற்றிய தண்ணீர் அப்படியே இருக்கும்.

மழை தொடங்கிய பிறகு ஒரு வாரம் அவர் வரவில்லை. வந்த அன்று என் மேஜையில் ஒரு தாளை வைத்தார். சான்றிதழ். முத்திரை தெளிவாக இருந்தது. பெயர் அவருடையது அல்ல, அவர் மனைவியுடையது.

அவர் அலுவலகத்தில் இருந்த நேரத்தில், சந்துக்கு வந்த சுகாதாரத்துறைப் பெண்ணோடு அந்த அம்மாள் கருத்தடை முகாமுக்குப் போயிருக்கிறார். துணைக்குப் பக்கத்து வீட்டுக்காரி மட்டும். இழுக்கிற மார்போடு அறுவை மேஜையில் படுத்து எழுந்திருக்கிறார். மாலையில் இவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மூத்த பெண் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாளாம்.

"இருவரில் ஒருவர்னு நானே படிச்சுக் கோப்புல வச்சேன் சார்" என்றார் அண்ணாச்சி. "மத்தவ யாருன்னு நெனைக்கவே இல்ல."

பிறகு, ஒதுக்கீட்டை மறுத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். பட்டியலிலிருந்து கொஞ்ச காலம் விலக்கி வைப்பார்கள், பிறகு மறுபடி வரிசை, மறுபடி இதே சான்றிதழ் என்றேன். "அப்ப எந்தப் பக்கம் போனாலும் கதவு ஒண்ணுதானா சார்?" என்றார். கோப்பில் குறை எதுவும் இல்லை. நான் கையெழுத்திட்டேன். வேறு என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை.

லக்ஷ்மிபாய் நகர் வீட்டுக்கு அவர்களைப் பார்க்கப் போனேன். கிழக்குப் பார்த்த ஜன்னல், நல்ல வெளிச்சம், காய்ந்த சுவர். தையல் சீழ் பிடித்து அந்த அம்மாள் படுத்திருந்தார். தலைமாட்டு நாற்காலியில் கூஜா. அண்ணாச்சி அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"சரீரம் ஆலயம், சரீரம் ஆலயம்னு ஊரெல்லாம் சொல்லுவாவ. அப்ப நான் என்ன சார், மாட்டுத் தொழுவமா?" என்றார் அந்த அம்மாள், அடுப்படிக்குக் கேட்கும்படியாகவே. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவுக மனசும் உடையக் கூடாது, எனக்கு மூச்சும் வேணும். ரெண்டுக்கும் நடுவுல கெடந்தது என் வயிறுதான். இப்ப பாருங்க, இழுக்காமப் பேசுதேன்." உண்மைதான். மூச்சு சீராக வந்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

அதன்பின் கூஜா அலுவலகத்துக்கு வரவில்லை. ஜன்னல் விளிம்பில் அது இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் தெரிந்தது. அண்ணாச்சி மற்றவர்களோடு தேநீர் குடிக்கத் தொடங்கினார். மந்திர் திறந்துவிட்டது என்று பஞ்சாபிக்காரர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்காததால் விட்டுவிட்டார்.

ஆட்சி மாறியது. சர்க்குலரை உடனடியாகத் திரும்பப் பெறுவதாக இன்னொரு சர்க்குலர் வந்தது. அண்ணாச்சி அதைப் பழையதற்கு மேல் வைத்து எண் போட்டார். பேனாவை மூடிவிட்டு, "இது முன்தேதியிலிருந்து அமலுக்கு வருமா சார்?" என்று கேட்டார். கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. என்னிடம் ஒரு விதி இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு இன்னும் மிச்சமிருந்தது. வராது என்றேன்.

எண்பதுகளில் அவர் ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பினார். வீட்டை ஒப்படைக்கும் நாளன்று நானும் போனேன். சரிபார்க்க வந்த இளம் எஞ்சினியர் மின்விசிறி, குழாய், ஜன்னல் கண்ணாடி எல்லாம் பார்த்து முடித்து, முன்னறைச் சுவருக்கு முன் நின்றார். வேதவசனக் காலண்டர் மாட்டியிருந்த இடத்தில் ஆணி ஓட்டை.

"ஸர்க்காரி தீவார் ஹை, அங்கிள். பர்மிஷன் லியா தா?"

அண்ணாச்சி விழித்தார். அவருக்கு ஹிந்தி புரியாமல் இல்லை. அந்த அம்மாள்தான் முதலில் சிரித்தார். "பாத்தியளா! சர்க்கார் சுவத்துல ஆணி அடிக்கதுக்குச் சர்க்கார்ட்ட அனுமதி கேக்கணுமாம்!" என்று, கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். விதிப்படி அந்த இளைஞர் கேட்டது சரி. சேதத்துக்குப் பிடித்தம் உண்டு. அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். பிறகு மனைவியின் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்து, ஒவ்வொரு படியாக நின்று நின்று இறக்கிக்கொண்டு போனார். மற்ற சாமான்கள் லாரியில் ஏறியிருந்தன. கூஜா மட்டும் அவர் தோளில் துணிப்பையில் தொங்கியது.

போன மாதம் எனக்குக் கண்புரை அறுவை. ஒரு சின்னக் கண்ணுக்கு எத்தனை இடத்தில் என் சம்மதம் கேட்டார்கள்! படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்கள். படிவம் குறையில்லாமல் இருந்தது, எனக்குத் தெரியும். கண்ணைக் கட்டிச் சாய்த்து உட்கார வைத்தபிறகு பக்கத்துப் படுக்கையில் ஒரு மூடி திருகும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் யாருக்கோ தண்ணீர் ஊற்றினாள். பித்தளை இல்லை, பிளாஸ்டிக். அது தெரிந்தும் என் தலை தாழ்ந்தது.

"அங்கிள்ஜி, தலையைக் குனியக் கூடாது" என்று நர்ஸ் வந்து என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி வைத்தாள்.